காலியாக ஒரு தியேட்டர்

அப்பத்தா வழுக்கி விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. கொல்லைப்புறக் குளியலறை, ஈரத் தரை, வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வலது கால் இடது காலைவிட ஓர் அங்குலம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. எக்ஸ்ரேக்கு முன்பே ஆட்டோக்காரர் சொல்லிவிட்டார்: "இடுப்பு போச்சுங்க."

இடுப்பு என்று நாம் சொன்னாலும் முறிவது தொடை எலும்பின் மேல்முனை. பந்துபோல் உருண்ட தலைக்குக் கீழே மெலிந்த கழுத்து ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு அங்கேதான், அல்லது அதற்குச் சற்றுக் கீழே, ஒடியும்.

காலை 9 மணிக்கெல்லாம் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். காலில் பட்டை ஒட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி மாட்டி, எடையைத் தொங்கவிட்டார்கள். "ஆபரேஷன் பண்ணிரலாம். ஃபிட்னஸ் வரட்டும்" என்றார் டூட்டி டாக்டர். ஃபிட்னஸ் என்பது இதய மருத்துவர் எக்கோ பார்த்துவிட்டு எழுதித் தரும் ஒரு வரி. அவர் சனிக்கிழமைதான் வருவார். வெள்ளி இரவு 10 மணிக்கு மேல் வாயில் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். சனி மதியம் இரண்டு மணிவரை அப்பத்தா வறண்ட உதட்டோடு கிடந்தார். அப்புறம் நர்ஸ் வந்து, "இன்னைக்கு இல்ல, சாப்பாடு கொடுங்க" என்றார். அன்று இரவு மறுபடி பட்டினி. ஞாயிற்றுக்கிழமை மயக்க மருந்து டாக்டர் வேறு ஊரில் இருந்தார். திங்கள் மதியம் இரண்டு மணிக்குத்தான் ஸ்ட்ரெச்சர் தியேட்டருக்குள் போயிற்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தேன்: 77 மணி நேரம்.

அந்த 77 மணி நேரம் அவர் உடம்பில் என்ன செய்தது? அப்போது கேட்கத் தெரியவில்லை. பின்னால் படித்துப் பார்த்தபோது, கேள்வி எளிது, விடை கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு என்று புரிந்தது. நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேரும்வரை கழிகிற நேரத்தை வேறோர் அத்தியாயத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆம்புலன்ஸ், சாலை, அட்வான்ஸ் பணம் எல்லாம் அதில் அடங்கும். இங்கே பேசுவது வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே நடக்கும் காத்திருப்பை.

*

சீக்கிரம் அறுத்தவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், தாமதமாக அறுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் போதாதா? போதாது. கணக்கு இரண்டு பக்கமும் காலை வாரும்.

உயிர் ஊசலாடும் நோயாளியை எவரும் காக்க வைப்பதில்லை. நேரே மேசைக்குக் கொண்டுபோவார்கள். அவர்களில் பலர் எப்படியும் பிழைக்க மாட்டார்கள். கணக்கேட்டைப் புரட்டினால் சீக்கிரம் அறுத்ததால் செத்ததுபோலத் தெரியும். எதிர்ப்பக்கம், இதயமும் சிறுநீரகமும் கெட்டிருக்கும் கிழவரை "கொஞ்சம் தேற்றிவிட்டு எடுப்போம்" என்று நிறுத்தி வைப்பார்கள். அவர் இறந்தால் பழி தாமதத்தின் மேல் விழும். கொன்றது காத்திருப்பா, ஏற்கெனவே இருந்த நோயா? வெறும் எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது.

1981இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்து மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தலையில் அடிபட்டு, மூளையுறைக்குக் கீழே ரத்தம் கட்டி, நினைவிழந்து வந்த 82 பேர். அடிபட்ட 4 மணி நேரத்துக்குள் மண்டையைத் திறந்தவர்களில் இறந்தவர்கள் 30 சதவீதம்; அதற்குப் பிறகு திறந்தவர்களில் 90 சதவீதம். இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். 4 மணி நேரம் என்பது பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளில் அந்தக் கூரான கோடு தென்படவில்லை. மூளை எவ்வளவு நசுங்கியிருக்கிறது, நோயாளியின் வயதென்ன, நினைவு எந்த அளவுக்குத் தப்பியிருக்கிறது என்பவையும் கடிகாரத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ பேசின. தாமதம் பரவாயில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 82 பேரை வைத்து ஒரு கோடு கிழித்துவிட முடியாது, அவ்வளவுதான்.

இதைவிட விசித்திரமானது எலும்பு மருத்துவர்களின் ஆறு மணி நேர விதி. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவை 6 மணி நேரத்துக்குள் தியேட்டரில் வைத்துக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்தாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஆறுக்கு ஊர் எது என்று தேடிப் போனால் 1898இல் ஜெர்மனியில் பால் லியோபோல்ட் ஃப்ரீட்ரிக் செய்த ஒரு சோதனையில் போய் நிற்கிறோம். கினிப் பன்றிகளின் தசையில் காயம் உண்டாக்கி, அதற்குள் தோட்டத்து மண்ணையும் மாடிப்படியில் கூட்டிய தூசியையும் திணித்தார். 6 மணி நேரத்துக்குள் காயத்தைச் சுற்றி வெட்டி எடுத்தால் விலங்கு தப்பியது. அதைத் தாண்டினால் கிருமி பரவிவிட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு, படிக்கட்டுத் தூசியை வைத்துக் கண்ட எண் அது. நூறாண்டுகளுக்கு மேலாக நள்ளிரவில் அறுவை மருத்துவர்களை எழுப்பிக்கொண்டிருந்தது.

மனிதர்களிடம் சரிபார்த்த பிற்கால ஆய்வுகளில் ஆறாவது மணிக்கு எந்த மந்திரமும் இல்லை என்று தெரிந்தது. முதல் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது, சேதம் எவ்வளவு ஆழம், வெட்டிச் சுத்தம் செய்யும் கை எவ்வளவு தேர்ந்த கை என்பவை கடிகாரத்தைவிடப் பெரிய விஷயங்களாக இருந்தன. இந்த மாற்றத்தைக் கோயம்புத்தூரிலேயே பார்க்கலாம். கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை, சிதைந்த காலைக் காப்பாற்றலாமா எடுத்துவிடலாமா என்று முடிவெடுக்க உலகின் பல இடங்களில் பயன்படுகிறது. தோல், எலும்பு, தசை நரம்புகள் ஒவ்வொன்றுக்கும் சேதத்தின் அளவைப் பொறுத்து 1 முதல் 5 வரை மதிப்பெண். அதோடு, நிலைமையை மோசமாக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் 2 கூடும். சாக்கடையோ மாட்டுத்தொழுவத்து மண்ணோ காயத்தில் கலந்திருந்தால் 2. வயது 65 தாண்டியிருந்தால் 2. அடிபட்டு 12 மணி நேரத்துக்கு மேல் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால், அதற்கும் 2. கடிகாரத்தைத் தூக்கி எறியவில்லை. சாக்கடைக்கும் முதுமைக்கும் பக்கத்தில் அதற்கு ஓர் இருக்கை போட்டார்கள்.

*

ஆக எல்லா உறுப்புக்கும் ஒரே கடிகாரம் கிடையாது. பதினைந்து வயதுப் பையனுக்கு விதை முறுக்கிக்கொண்டால், ரத்தம் போகும் கயிறே முறுக்கேறி அடைபடுகிறது. ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் தப்பும். ஒரு நாள் கடந்தால் அநேகமாக எடுத்துவிட வேண்டியதுதான். பையன்கள் வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது" என்று சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடும் என்பது தனிச் சோகம்.

இரைப்பைப் புண் ஓட்டையானால் வேறு கதை. அமிலமும் உணவும் வயிற்றறைக்குள் கொட்டும். முதலில் அது அமிலம் சுட்ட புண். வயிறு பலகைபோல் விறைக்கும். சில மணி நேரத்தில் கிருமிகள் பெருகி, நஞ்சு ரத்தத்தில் ஏறி, ரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். டென்மார்க்கின் 35 மருத்துவமனைகளில் 2003 முதல் 2009 வரை இப்படி வந்த 2,668 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். முப்பது நாளுக்குள் நான்கில் ஒருவருக்கு மேல் இறந்திருந்தார்கள். சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில், தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு முந்தைய மணியில் இருந்ததைவிட 2.4 சதவீதம் குறைந்திருந்தது. 2.4 சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் கந்துவட்டி மாதிரி மணிக்கு மணி மேலேறும். பத்து மணி நேரம் போனால், கையில் இருந்த வாய்ப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருக்கும்.

இதற்கு நேர்மாறு குடல்வால். அப்பெண்டிக்ஸ் என்றதும் "வெடிச்சிரும்" என்று வீடே பதறும். பின்லாந்திலும் நார்வேயிலும் சிக்கலில்லாத குடல்வால் அழற்சியோடு வந்த சுமார் 1,800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பாதியினருக்கு 8 மணி நேரத்துக்குள் அறுவை, மறுபாதிக்கு 24 மணி நேரத்துக்குள். 2023இல் முடிவு வந்தது. ஓட்டை விழுந்தது முதல் பிரிவில் 8 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 9. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். நடுராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி வழியும் ஒரு குழு செய்வதைவிடக் காலை எட்டு மணிக்கு விழித்த கண்ணோடு செய்வது நல்லது என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது. ஏற்கெனவே ஓட்டை விழுந்து வந்தவர்களுக்கு இது பொருந்தாது.

*

இனி அப்பத்தாவின் இடுப்பு.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் இடுப்பு முறிந்த 42,230 பேரின் பதிவுகளை அலசிய ஆய்வு 2017இல் வந்தது. சராசரி வயது 80. காத்திருப்பு 24 மணி நேரத்தைத் தாண்டும் இடத்தில் ஆபத்துக் கோடு மேலே வளையத் தொடங்கியது. வயதும் நோய்களும் ஒத்திருக்கும் நபர்களை ஜோடி சேர்த்து ஒப்பிட்டபோது, முப்பது நாளில் இறந்தவர்கள் சீக்கிரம் அறுத்தவர்களில் 5.8 சதவீதம், தாமதமானவர்களில் 6.5 சதவீதம்.

காரணம் கட்டிலைப் பார்த்தாலே தெரியும். ஒடிந்த எலும்பு ஒவ்வோர் அசைவிலும் குத்துகிறது. வலி ஏற ஏற அட்ரினலின் ஏறுகிறது, இதயம் ஓடுகிறது. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. மல்லாந்தே கிடப்பதால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி கட்டுகிறது. முதுகுக்குக் கீழே தோல் சிவக்கிறது. இதற்கு நடுவே இரண்டு இரவுப் பட்டினி. எண்பது வயதுத் தசைக்கு அது சாதாரண நஷ்டமில்லை.

ஆனால் முன்பு சொன்ன சந்தேகம் இங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜோடி சேர்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத வேற்றுமைகள் தப்பிவிடும். அதற்கும் குலுக்கல்தான் வழி. இந்தியா உட்பட 17 நாடுகள், 69 மருத்துவமனைகள், 2,970 நோயாளிகள். முடிவு 2020இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு முறிவு உறுதியானதிலிருந்து நடுவாந்திரமாக 6 மணி நேரத்தில் அறுவை நடந்தது. மற்றவர்களுக்கு வழக்கப்படி, 24 மணி நேரத்தில். தொண்ணூறு நாளில் இறந்தவர்கள் 9 சதவீதம், 10 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆறு மணிக்கு ஓடினால் உயிர்கள் குவியலாகத் தப்பும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே "தாமதம்" என்ற பிரிவே 24 மணி நேரம். எங்கள் 77 அந்தத் தராசில் ஏறவே இல்லை.

அந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, குழப்ப நிலை. சீக்கிரம் அறுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கும் மனம் தடுமாறியது. சனிக்கிழமை இரவு அப்பத்தா என் அப்பாவை, எப்போதோ இறந்துபோன தன் தம்பியின் பெயர் சொல்லி அழைத்து, "மாட்டைப் பிடிச்சுக் கட்டுனியாடா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய் இருபது வருஷம். வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். அதற்கு டெலிரியம் என்று பெயர் உண்டு, வலியும் பட்டினியும் தூக்கமின்மையும் அதைக் கொண்டுவரும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று ஃபிட்னஸ் பற்றியது. நோயாளிகளில் சிலருக்கு வந்து சேரும்போதே இதயத் தசை காயம்பட்டிருந்தது. அதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருந்தது. வழக்கமாக இவர்களைத்தான் எக்கோ, இதய மருத்துவர் கருத்து என்று நிறுத்தி வைப்பார்கள். பின்னர் இவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, விரைந்து அறுத்தவர்களில் இறந்தவர்கள் 10 சதவீதம், வழக்கப்படி காத்திருந்தவர்களில் 23 சதவீதம். சிறு குழுவை ஆய்வு முடிந்தபின் பிரித்துப் பார்த்தது என்பதால் இதைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது: இதயம் திணறுவதே முறிந்த எலும்பால் என்றால், இதயம் தேறட்டும் என்று எலும்பை அப்படியே விட்டு வைப்பதில் என்ன நியாயம்?

*

இதுவரை பேசியது உடம்பின் கடிகாரம். ஆனால் அப்பத்தாவின் 77 மணி நேரத்தில் உடம்பு கேட்டு நிகழ்ந்த காத்திருப்பு எவ்வளவு? எக்கோவுக்கு ஒரு நாள் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம்?

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவமனை ஒன்றில் எடுத்த கணக்கு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அங்கே ஒவ்வோர் அவசர நோயாளிக்கும், இவரை இத்தனை நேரத்துக்குள் மேசையில் ஏற்ற வேண்டும் என்று அறுவை மருத்துவர் முன்கூட்டியே ஒரு கெடு குறிப்பார். ஆய்வாளர்கள் மொத்தக் காத்திருப்பை அளக்கவில்லை, கெடு தாண்டியதா என்று பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை: ஓட்டை விழுந்த குடலையும் ஒடிந்த மணிக்கட்டையும் ஒரே கோலால் அளக்க வேண்டியதில்லை. 15,160 பேரில் 2,820 பேருக்குக் கெடு தாண்டியது. அவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 4.9 சதவீதம், கெடுவுக்குள் எடுத்தவர்களில் 3.2. நோயின் கடுமையைச் சமன் செய்து பார்த்த பிறகும் இடைவெளி மறையவில்லை. தாமதமானவர்களுக்கு மருத்துவமனைக்கு ஆன செலவும் கூடுதல். எல்லாத் தாமதத்துக்கும் காரணம் பதிவாகவில்லை. பதிவானவற்றில் பெரும்பாலும் ஒரே பல்லவி: தியேட்டர் காலியில்லை, ஆளில்லை.

தியேட்டர் காலியில்லை என்றால் இன்னொன்று கட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அது எப்போதும் சரியல்ல என்று புரிய டென்மார்க்குக்கு மறுபடி போக வேண்டும். 1909இல், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த ஆக்னர் கிராருப் எர்லாங் என்ற கணிதக்காரர், அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்று முதல் கட்டுரை எழுதினார். எத்தனை இணைப்பு இருந்தால் சந்தாதாரர் எரிச்சலடைய மாட்டார் என்பது போன்றவை அவர் கவலை. அவர் தொடங்கிவைத்த வரிசைக் கணிதத்தை அப்படியே தியேட்டருக்கு எடுத்து வரலாம்.

ஒரு தியேட்டர். கேஸ்கள் எப்போது வேண்டுமானாலும் வரும். ஒரு கேஸுக்குச் சராசரி ஒரு மணி நேரம். சிலது இருபது நிமிடத்தில் முடியும், சிலது மூன்று மணி இழுக்கும். தியேட்டர் நாளில் பாதி நேரம் ஓடினால், வருகிறவர் சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருப்பார். 80 சதவீதம் ஓடினால் 4 மணி நேரம். 90 என்றால் 9. 95 என்றால் 19. பயன்பாட்டை 90இலிருந்து 95க்கு ஏற்றியதும் காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது, புதிதாக எந்த நோயும் ஊரில் பரவாமலே. மதிய நேரத்து டீக்கடையில் நின்று பார்த்தால் இது விளங்கும். ஐந்து நிமிடம் யாரும் வர மாட்டார்கள், அப்புறம் ஒரு பஸ் நின்று எட்டுப் பேர் ஒன்றாக வருவார்கள். மாஸ்டர் முன்பு சும்மா நின்ற ஐந்து நிமிடத்தைச் சேமித்து வைத்து இப்போது செலவழிக்க முடியாது. இடைவெளி இருந்தால்தான் தேங்கிய கூட்டம் வடியும். இடைவெளியே இல்லாமல் ஓடும் இடத்தில் ஒருமுறை தேங்கியது லேசில் வடியாது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனைக்கு 2002இல் இதே தலைவலி. 32 தியேட்டர்கள், அத்தனையும் முழுக்கப் பதிவாகிக் கிடந்தன. அவசரக் கேஸ் வந்தால் பதிவான கேஸ் தள்ளிப்போகும். தள்ளிப்போனது அடுத்ததைத் தள்ளும். இரவு நெடுநேரம்வரை அறுவை நடக்கும். ஊழியர்கள் களைத்துப்போனார்கள். ஆலோசனை சொல்ல வந்தவர்கள் ஒரு தியேட்டரை எதற்கும் பதிவு செய்யாமல் அவசரத்துக்கென்று விட்டு வைக்கச் சொன்னார்கள். இருப்பதே போதவில்லை, அதில் ஒன்றைப் பிடுங்குவதா என்று அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள். நானாக இருந்தாலும் கொதித்திருப்பேன். சோதனையாகச் செய்து பார்த்தார்கள். மொத்த அறுவைகள் 5.1 சதவீதம் கூடின. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு நடப்பவை 45 சதவீதம் குறைந்தன.

எப்படி? அவசரம் சொல்லிக்கொண்டு வராது என்பது பாதி உண்மை. எந்தப் பாட்டி எந்தக் கிழமை விழுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வட்டாரத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய எத்தனை இடுப்பு ஒடியும், எத்தனை குடல் அடைக்கும் என்பது பெரிதாக மாறாது. மருத்துவமனைகளின் வரத்தைப் படித்த யூஜின் லிட்வாக் போன்றவர்கள் கண்டது இன்னும் வேடிக்கை: அவசர வரவைவிட, நாமே தேதி குறிக்கும் பதிவுக் கேஸ்கள்தான் நாளுக்கு நாள் அதிகமாக ஏறி இறங்கின. திங்கள் செவ்வாயில் குவிப்பது, வெள்ளி மதியத்துக்கு மேல் ஓய்வது, கருத்தரங்கு வந்தால் மூட்டை கட்டுவது. குழப்பத்துக்குப் பெரும்பங்கு டைரியிலிருந்து வந்தது.

என் பள்ளித் தோழன் ஒருவன் மயக்க மருந்து டாக்டர். அவனிடம் இந்த மிசூரிக் கதையைச் சொன்னபோது சிரித்தான். "கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு தியேட்டரைச் சும்மா வச்சிருந்தா, ரவுண்ட்ஸ் வர்ற பெரியவர் விளக்கு எரியலையேன்னு முதல்ல அதைத்தான் கேப்பார். அதுக்கு என்ன எழுதிக் கொடுக்கிறது?" பிறகு, அப்பத்தாவை எடுத்த அந்தத் திங்கட்கிழமை காலையில் அங்கே என்ன நடந்திருக்கும் என்று அவனைக் கேட்டேன். ஒரே ஒரு மேசை இருந்த இடம் அது என்பது எனக்கு நினைவிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த நான் உள்ளே போனவர்களை எண்ணியிருந்தேன். முதலில் ஒரு பிரசவக் கேஸ், குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். "அது போகத்தான் வேணும்" என்றான். அடுத்தது டெம்போ மோதிய பையன். "அதுவும்." மூன்றாவதாகப் போனவர் கையில் செய்தித்தாளோடு நடந்தே போனார், பின்னால் அவர் மனைவி ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அது லிஸ்ட் கேஸ்" என்றான் தோழன். "குடலிறக்கமா இருக்கும். நாலு மாசம் முன்னாடியே தேதி வாங்கியிருப்பாரு."